ஹார்ன் தேர்வில் பத்துக்குப் பத்து

இந்த வீட்டில் என் பேச்சு எடுபட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஹார்ன் விஷயத்தில்.

ஆறு மாதமாக அறுத்து, ஒட்டி, இழைத்து, நானே ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்திருந்தேன். கீழ்ச் சத்தத்துக்குப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ளே போயாச்சு. மேல் சத்தத்துக்கு ஒரு கம்ப்ரஷன் டிரைவர் வேண்டும். அது வாய் திறந்து பாட, அதன் முன்னால் புனல் மாதிரி ஒரு ஹார்ன் வேண்டும். கடைக்காரர் நல்ல மனுஷர். டிரைவரும் ஹார்னுமாக இரண்டு செட் கொடுத்தனுப்பினார். "பிடிச்சதை வச்சுக்குங்க. இன்னொண்ணை ஞாயித்துக்கிழமை நானே வந்து எடுத்துக்கறேன்."

ஒன்று சின்னது. சூப் கிண்ணம் அளவு. இன்னொன்றில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். அதன் டிரைவர் மட்டுமே ஐந்து கிலோ. பார்த்த மாத்திரத்தில் நான் அவுட்.

"இது ஹால்ல நின்னா என் தையல் மெஷின் எங்க நிக்கும்?" என்றாள் மனைவி.

"அது எங்க வேணா நிக்கும். இதுக்கு அந்த மூலைதான் சரி. சின்னதுல கேட்டா பாடகருக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கும்மா."

"நிஜமாவே உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியுமாவா? என் கண்ணைக் கட்டிட்டுக் கேளு!"

"சரி, கட்டிடலாம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போடுவாள். பத்தும் சரியாகச் சொன்னால் பெரியது. ஒன்று தப்பினாலும் சின்னது.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு உள்ளூர உதறல்தான். அதனால் கடை கடையாக ஏறி இறங்கி இரண்டு ஹார்னையும் மாற்றிப் போட ஒரு பழைய சுவிட்சை வாங்கி மாட்டினேன். சின்ன ஹார்ன் பக்கம் திருப்பினால் மூச்சு விடாது. பெரியது பக்கம் திருப்பினால் 'டக்'.

ஞாயிற்றுக்கிழமை. என்னைச் சோபாவில் உட்கார வைத்து, துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டினாள். ஏதோ உருட்டினாள், முறுக்கினாள். பாட்டு ஆரம்பித்தது.

டக்.

"பெரியது! ஆகா, என்ன கம்பீரம்!"

'டக்' இல்லை.

"சின்னது. ஐயோ பாவம், மூக்கடைப்பு."

டக்.

"பெரியது! அப்பப்பா, பாடறவர் நம்ம ஹாலுக்குள்ளயே நடக்கறார்! காலடிச் சத்தம்கூடக் கேக்குது!"

"அப்படியா? இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."

கேட்டால் விடுவேனா? தேன் என்றேன், தெளிவு என்றேன், தெய்வம் என்றேன். பத்துக்குப் பத்து! துண்டை உருவி எறிந்தேன்.

பெட்டி மேல் சின்ன ஹார்ன் மட்டும் உட்கார்ந்திருந்தது. மூலையில் தையல் மெஷின்.

"பெரியது எங்கடி?"

"கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டார். காலடிச் சத்தம் கேட்டுச்சுன்னீங்களே, அது அவர்தான்."

"அப்ப நான் கேட்டது?"

"பத்தும் சின்னதுதாங்க. சுவிட்சோட ரெண்டு பக்க ஒயரையும் அதுலயே முறுக்கிட்டேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஆறு மாசமா நீங்கதானே உயிரை வாங்கிச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"இது அப்பட்டமான மோசடி!"

"ஓகோ. ஒரு பக்கம் மட்டும் சத்தம் போடற சுவிட்சைத் தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்தவர் ரொம்ப யோக்கியராக்கும்!"

 அவள் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினாள். கடைக்காரர் நின்று கேட்டுத் தன் கையால் எழுதியது. கம்பீரம், தேன், தெளிவு, தெய்வம் எல்லாம் வரிசையாக இருந்தன.

"சின்ன ஹார்னுக்கு விளம்பரம் போடப் போறாராம். மூக்கடைப்பை மட்டும் அவரே எடுத்துட்டார். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.