நான் கைவிரித்த சளி

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் வீட்டில் ஒப்பாரி வைக்கச் செய்த பெருமை எனக்குண்டு. அதுவும் மருந்தே கொடுக்காமல் (கொடுத்திருந்தாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்).

டாக்டரான புதிது. உடன்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். சளி பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதும் வழக்கத்தை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று சபதமே போட்டிருந்தேன். செல்வி தன் மகனைத் தூக்கி வந்தாள். மூக்கு ஒழுகியது, லேசான இருமல். நெஞ்சு, காது, தொண்டை எல்லாம் பார்த்தேன். சாதாரண வைரஸ் சளி.

"பவர் மருந்தா எழுதுங்க டாக்டரம்மா."

நான் இரண்டு கைகளையும் அகல விரித்தேன். "இதுக்கு மருந்தே கிடையாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்க."

தமிழ்நாட்டில் ஒரு டாக்டர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும், தங்கப் பதக்கம் வாங்கிய எனக்கு மட்டும் தெரியவில்லை. செல்வி மகனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வெளியே போனாள். என் விளக்கம் அப்படி மனதில் பதிந்துவிட்டதாம், நான் பூரித்துப்போனேன்!

சாயங்காலம் நர்ஸ் ஓடி வந்தார். "டாக்டர், செல்வி வீட்டுல ஒரே அழுகை!"

எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டேனோ? செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

செல்வியின் ஆழ்வார்திருநகரிச் சொந்தமெல்லாம் வாசலில் நின்றது. நடுவில் பையன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் தாய்மாமன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

"டாக்டரம்மா கைய விரிச்சிட்டாவளே!" என்று செல்வி கதறினாள்.

அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, இது வெறும் சளிம்மா! தானாப் போயிரும். ஆன்டிபயாடிக் இதை ஒண்ணும் செய்யாது. வீணாக் குடுத்துப் பழக்குனா, நிஜமாத் தேவைப்படும்போது அது கேக்காது. மூச்சு வாங்குனாலோ, சாப்பிடாமச் சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

"அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?" தாய்மாமன் கொதித்தார். "நான் மெடிக்கல்ல போயி பவர் மருந்து வாங்கியாரேன்."

அவர் போனால் என் சபதம் அன்றோடு முடிந்தது. இந்த ஊரில் இனி யார் என்னை நம்புவார்கள்?

செல்வி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "இரு அண்ணே. அவ்வோ சொல்லுதாவல்லா, பாப்போம்."

துக்கத்துக்கு வந்த சொந்தம் வேடிக்கை பார்க்கத் தங்கிவிட்டது. ஒரே வாரத்தில் அவர்கள் கண்ணெதிரிலேயே சளி தானாகப் போய்விட்டது. எத்தனை முகாம் போட்டாலும் இத்தனை சாட்சிகள் கிடைப்பார்களா! ஆளுக்கோர் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள்.

இன்றும் நான் தும்மினால் என் கணவர், "சொந்தக்காரங்களுக்குப் போன் போடவா?" என்பார். போடட்டுமே! போன வாரம் ஒரு புதுத் தாய், சீட்டில் மருந்தில்லை என்று என்னை முறைத்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னாலிருந்து செல்வி அதட்டினாள்:

"ஏளா, இந்த டாக்டரம்மா மருந்து எழுதுனாத்தான் பயப்படணும். எழுதலைல்லா? போ, போய்ச் சோத்தப் பொங்கு!"