இன்டர்ஃபேஸ் அண்ணன்

மதுரையில் குழம்பைச் சோற்றோடு பிசையாமல் சாப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் இன்டர்ஃபேஸ் அண்ணன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் மெல்லிய உலோகப் படலங்களை ஆராய்ந்தோம். கோபால்ட் படலத்தில் காந்தத்தின் திசை பாய் விரித்த மாதிரி படுத்தே கிடக்கும். பிளாட்டினத்தின் மேல் மிக மெல்லிசாக, சுத்தமாகப் பூசினால் எழுந்து நிற்கும். நிற்க வைப்பது இரண்டு உலோகமும் தொட்டுக்கொள்ளும் அந்தப் பரப்பு, அதாவது இன்டர்ஃபேஸ். அண்ணனுக்கு அதன் மேல் அப்படியொரு பக்தி.

கேன்டீன் இலையில் சோறு ஒரு பக்கம், சாம்பார் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்கிற கோட்டில் மட்டும் விரல் வைத்து எடுப்பார்.

"அண்ணே, அம்புட்டுச் சோத்தையும் மிச்சம் வச்சா எப்புடி?" என்பார் பரிமாறுகிறவர்.

"கோடு தீந்துபோச்சுய்யா. அந்தப் பக்கமா இன்னொரு கரண்டி ஊத்துங்க."

பேரையூரில் ஒரு நண்பனின் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் நட்டநடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு தரப்பும் அவரை எதிர்த்தரப்புப் பெரிய மனிதர் என்று நினைத்து விழுந்து விழுந்து கவனித்தது. இரண்டு பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

எனக்கு ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டே வாரம் இருந்தது. ஒரே ஒரு படலம் பாக்கி. பிளாட்டினம் பூசி முடித்ததும் பார்த்தால், உள்ளே பார்க்கிற கண்ணாடியில் உலோகம் படிந்து ஒன்றும் தெரியவில்லை. வெற்றிடக் கலத்தைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடி மூடி, காற்றை வெளியேற்றிவிட்டுக் கோபால்டைப் பூசினேன். அளந்து பார்த்தால் காந்தம் படுத்துவிட்டது. நானும் படுத்துவிட்டேன்.

அண்ணன் வரைபடத்தைப் பார்த்தார். "நடுவுல தொறந்தியா?"

"ரெண்டே நிமிசம்ணே. கண்ணாடி தொடைக்க."

தலையில் கை வைத்துக்கொண்டார். "காத்துப் பட்டுப் பரப்பே அழுக்காயிருக்குமே. கட்டிக்கப்போற ரெண்டு பேருக்கு நடுவுல ஊரையே உள்ள விட்டுட்டியே தங்கச்சி!"

கருவியில் அடுத்த முறை அவருடையது. அதை விட்டால் ஒரு மாதம் வரிசை. அவருடைய ஆய்வேடும் முடியாமல்தான் கிடந்தது. எப்போது முடிப்பாய் என்று அலங்காநல்லூரிலிருந்து அவர் அப்பா தினமும் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வந்து நின்றார். "வியாழக்கெழம நீ போட்டுக்க. எனக்குப் பல்வலி."

"எந்தப் பல்லுண்ணே?"

கொஞ்சம் யோசித்தார். "எல்லாப் பல்லும்தான்."

வியாழக்கிழமை முழுக்க, கலத்தை யாரும் திறந்துவிடாமல் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கடகடவென்று முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அளந்தோம்.

"நின்னுருச்சு தங்கச்சி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுகுறதுன்னா தள்ளிப்போயி அழு. படலத்து மேல சொட்டிறப் போகுது."

நான் ஆய்வேட்டைக் குறித்த நாளில் கொடுத்துவிட்டேன். அவர் நான்கு மாதம் தாமதமாகத்தான் கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடமெல்லாம் பல்வலி என்றே சொன்னார்.

நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எந்தப் படிவத்திலும் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுவேன். இப்போது அப்படி எழுதும்போது பொய் சொல்வது போல இருக்கிறது.