பேட்ஜுக்குக் கட்டாய ஓய்வு

இந்தச் சம்பவத்தைப் பல வருஷமாக நான் நம்பவில்லை. சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. இது நடந்த ஆஸ்பத்திரியிலேயே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் கூடச் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சந்தேகப்படுவேன்.

எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே இதயக் குழாய் அடைப்பை நீக்கும் அறை ஒன்று அங்கே இருந்தது. உள்ளே நிற்பவர்கள் ஈய ஏப்ரன் மாட்டி, சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வார்கள். மேலே விழும் கதிர்வீச்சை அது அளந்து வைக்கும். ஒருநாள் ஆய்வகத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: அந்த அறை நர்ஸான சிஸ்டரின் பேட்ஜ் வரம்பைத் தாண்டிவிட்டது.

சிஸ்டர் ஏற்கெனவே அலுவலரிடம் சொல்லியிருந்தார். "இடது கண்ணுல புகை மூட்டின மாதிரி இருக்கு சார். விளக்கைப் பார்த்தா சுத்தி வளையம் வளையமா தெரியுது. முகத்துக்கு முன்னாடி தொங்கவிடுற ஈயக் கண்ணாடி எப்ப சார் வரும்?"

அலுவலர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் ஓடினார்.

"விதி என்ன சொல்லுது?" என்றார் கண்காணிப்பாளர்.

"வரம்பு தாண்டினா வேலையிலேருந்து விலக்கி ஓய்வு கொடுக்கணும் சார்."

"தாராளமா கொடுங்க. எது தாண்டுச்சு?"

"சிஸ்டர், சார்."

"சிஸ்டரை அளந்தோமா? பேட்ஜைத்தானே அளந்தோம்? அதுக்கு ஓய்வு கொடுங்க. சிஸ்டரை அனுப்பிட்டா கேஸைப் பாக்குறது நீங்களா, நானா?"

மறு உத்தரவு வரும்வரை மேற்படி பேட்ஜ் பூரண ஓய்வில் இருக்கும் என்று உத்தரவாயிற்று. கண்காணிப்பாளரின் ஏசி அறையில் அதற்கு ஓர் அலமாரி ஒதுக்கப்பட்டது.

"அப்ப நான் சார்?" என்று வந்து நின்றார் சிஸ்டர்.

"உங்களுக்கு என்னம்மா கவலை?" என்றார் கண்காணிப்பாளர். "பேட்ஜ் இல்லாம நிக்கிறவங்க மேல ஒரு துளி கதிர்வீச்சு பதிவானதா சரித்திரமே இல்ல."

அடுத்த அறிக்கையில் பேட்ஜ் பூரண குணம் அடைந்திருந்தது. பூஜ்யம்!

பிறகு அதுவே நாகரிகமாகிவிட்டது. "என் பேட்ஜும் ரொம்பக் களைச்சுப்போச்சு" என்றார் டாக்டர். டெக்னீஷியனும் தன்னுடையதைக் கொண்டுவந்து படுக்கவைத்தார். பேட்ஜுக்கு வெல்வெட் உறை தைத்துப் போடாதவர் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர் என்று பேச்சாயிற்று. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, "தேவலையா?" என்று விசாரித்தார்கள்.

ஒருவழியாக ஈயக் கண்ணாடி வந்து இறங்கியது. சிஸ்டரின் முகம் மலர்ந்தது.

"கதிர்வீச்சு எங்க பதிவாகுமோ அங்கதானே பாதுகாப்பு வேணும்?" என்றார் கண்காணிப்பாளர். கண்ணாடியை அலமாரிக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். அலுவலர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பதவி உயர்வு ஞாபகம் வந்தது. கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார்.

பூஜ்யத்துக்கு மேல் பூஜ்யமாக வாங்கிக் குவித்த ஆஸ்பத்திரிக்கு விருது கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. விழா மேடைக்கு பேட்ஜைத் தட்டில் வைத்து ஏந்தி வரும் கௌரவம், பேட்ஜின் உறவினர் என்ற முறையில், சிஸ்டருக்கு அளிக்கப்பட்டது. மேடை முழுக்க விளக்கு. பக்கத்தில் வந்த அலுவலர் கிசுகிசுத்தார், "படி இருக்கு, பார்த்து வாங்கம்மா."

"அதான் சார் முடியல."

சொல்லி வாய் மூடவில்லை, கால் தவறியது. தட்டு பறந்தது.

"பேட்ஜ்! பேட்ஜைப் பிடிங்க!" என்று கண்காணிப்பாளர் அலறினார். அரங்கமே எழுந்தது. அலுவலர் பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துவிட்டார். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

"ஒரு கீறல் விழல, தெரியுமா!" என்று முடிப்பார் அலுவலர். அன்று பிடித்தது போலவே இரண்டு உள்ளங்கையையும் குவித்துக் காட்டுவார். இத்தனை வருஷமும் நானும் அந்தக் கைகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் கேட்கத் தோன்றியது.

"சிஸ்டரை யார் சார் பிடிச்சாங்க?"