கக்கத்தில் ஒரு மாதம்

ஞாயிறு காலை ஏழு மணி. நியூசிலாந்தின் டனீடின் நகர ஆய்வகத்தில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் சேமிசி வெந்நீர்த் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவினான். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டில்களில் ஒன்றுதான் அகப்பட்டது. துழாவிய அவசரத்தில் அது எந்த மூலையில் இருந்தது என்றே தெரியவில்லை. மருந்து ஏற்றிய ஜெல்லா, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் ஜெல்லா? முப்பது நாள் ஊறியதில் ஒட்டிய சீட்டெல்லாம் அழிந்திருந்தது. மருந்துதான் என்று மனசு சத்தியம் செய்தது. பாவம், அதற்கும் வேறு வழியில்லை.

தினமும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு மாதம் ஒரே ஊசி போதும் என்று காட்டப் பிறந்த ஜெல் அது. மருந்தைத் துளித்துளியாக வெளியே விட வேண்டும். எவ்வளவு வெளியேறியது என்று நாளை கடைசியாக அளக்க வேண்டும். அதுவரை உடம்புச் சூட்டில், மெல்ல ஆடியபடி இருக்க வேண்டும். தவறினால் அவனுடைய முனைவர் பட்டம் கோவிந்தா.

உடம்புச் சூடுதானே? பாட்டிலை இடது கக்கத்தில் இடுக்கி, தன் டோங்கா தீவு வழக்கப்படி இடுப்பில் பாயைச் சுற்றிக்கொண்டு, மெல்ல ஆடியபடியே டோங்காக்காரர்களின் தேவாலயத்துக்குப் போனான்.

வாசலில் அனசேனி அத்தை நின்றிருந்தாள். விடிகாலையில் அதே ஆய்வகத்தைக் கூட்டித் துடைப்பவள். ஞாயிறானால் பாடகர் குழுவுக்குத் தலைவி.

"இன்னிக்குப் பாட்டை நடத்த நீ கை வீசுடா. எனக்குத் தோள் புடிச்சிருக்கு."

"அத்தை, எனக்கும்..."

"உனக்கும் என்ன?"

அப்பாவின் அக்கா சொல்லைத் தட்டிய டோங்காக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

வலது கையை மட்டும் வீசினான். வலப்பக்கப் பெண்கள் பாடினார்கள். இடப்பக்க ஆண்கள் அவனுடைய இடது கையையே பார்த்துக்கொண்டு வாய்மூடி நின்றார்கள்.

"எங்களுக்கு எப்பப்பா?" என்றார் ஒருவர்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பென்குவின் மாதிரி மணிக்கட்டுகளை ஆட்டினான். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் கக்கத்துப் பாட்டில் அசையவில்லையே என்று உடம்பை மெல்ல ஆட்டினான். குழு முழுவதும் அவனோடு ஆடியது. பாட்டு தாலாட்டாக இழுபட்டது. பாதிரியாரின் தலை சரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மழையும் கடலும் குன்றும் தங்களைத் துளித்துளியாகக் கரைத்து விட்டுக்கொண்டிருந்தன. இப்படியே இருந்துவிடலாம் என்று சேமிசிக்கு ஆசையாக இருந்தது. கண் செருகியது. கக்கம் தளர்ந்தது.

பாட்டில் விழுந்து நொறுங்கியது.

பாட்டு நின்றது. பாதிரியார் திடுக்கிட்டு "ஆமென்" என்றார். சேமிசி ஈரத் தரையில் மண்டியிட்டு நடந்ததையெல்லாம் சொன்னான். "போச்சு அத்தை. மருந்து, படிப்பு, எல்லாம் போச்சு."

அத்தை அவனையும் தரையையும் பார்த்தாள். அவள் மட்டும் இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள்.

"தொட்டியில வலது மூலைல இருக்கறதுதான் மருந்துன்னு முப்பது நாளா என் காதுல ஓதினது நீதானே? கரண்ட் போனதுமே அதை எடுத்து என் கக்கத்துல வெச்சுட்டேன்டா."