கூரை கேட்டவளுக்குக் கிடைத்த நன்றி

ஊவா மாகாணத்தில் ஒழுகும் கூரைகளை இணையத்தளம் மூலம் நிறுத்தும் உயரிய நோக்கோடு பதுளையில் ஒரு காரியாலயம் திறக்கப்பட்டது. மழைக்கு யாரும் அறிவிக்கவில்லை போலும், அது பாட்டுக்குப் பெய்தது.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சுபாஜினியின் லயத்துக் காம்பராவில் கூரைத் தகரம் காற்றோடு போய்விட்டது. மூத்தவன் ஒரு மூலையில் நனைவான், கைப்பிள்ளை இன்னொரு மூலையில் இருமும். தகரம் வேண்டுமானால் இணையத்தளத்தில்தான் கேட்கவேண்டும். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதோ கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மேலே உள்ள பாறையில் மட்டும். பாவம் மனுஷி, கூடையை இறக்கிவைத்துவிட்டு ஏறினாள். ‘அனுப்பு’ என்பதை அமத்தினாள். “தங்கள் மேலான வருகைக்கு நன்றி” என்று வந்தது. தகரம் வரவில்லை. மறுநாளும் ஏறினாள், மறுநாளும் நன்றி. இப்படியே, ஞாயிறு தவிர, ஒரு மாதம்!

பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது. பொறுத்தது போதுமென்று, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கே போகாமல் பதுளைக்கு பஸ் ஏறினாள்.

“தகரம் இன்னும் வரலீங்க, சேர்.”

பணிப்பாளர் சதீஸ்குமார் கணினியில் அவள் பேரைத் தட்டிப் பார்த்தார். முகம் கறுத்தது. “என்னம்மா அநியாயம்! இருபத்தாறு தரம் பயனடைஞ்சிட்டு இன்னும் கேக்குறீங்களே?”

“நானா? ஒரு தகரம்கூட வரலீங்களே!”

“மிப்ரான், விளக்கிச் சொல்லுங்க.”

தளத்துக்கு வருவோரை எண்ணும் அனலிடிக்ஸ் பூட்டிய நிபுணர் மிப்ரான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார். “ஒருத்தர் நன்றிப் பக்கத்துக்கு வந்தா அது ஒரு கன்வெர்ஷன், அக்கா. வந்த காரியம் முடிஞ்சதுன்னு கணக்கு.”

“முடியலையே, தம்பி.”

“நன்றியப் பார்த்தீங்களா, இல்லையா?”

“பார்த்தேன்.”

“அப்ப முடிஞ்சது.”

சுபாஜினிக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நான் எழுதி அனுப்பினதெல்லாம் எங்கதான் போச்சு?”

மிப்ரான் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் சுவர்த் திரையில், கன்வெர்ஷன் கூடக்கூட ஏறிக்கொண்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்தார்.

“அத ட்ராக் பண்ணச் சொல்லி யாரும் கேக்கலியே” என்றார் மிப்ரான்.

பணிப்பாளருக்குத் திடீரென்று ஞானோதயம். இவள் முறைப்பாட்டுக்காரியா? இல்லை, மாகாணத்திலேயே மிக அதிகமாகப் பயனடைந்த பெண்மணி! அடுத்த வாரமே மண்டபம், மாலை, பொன்னாடை. சுபாஜினி ஒலிவாங்கியைப் பிடித்து, “நான் தகரம்தாங்க கேட்டேன்…” என்று ஆரம்பித்தாள். அடேயப்பா, என்ன கைதட்டல்! காரியாலயத்தின் பெயர் அச்சிட்ட குடை ஒன்றைக் கையில் கொடுத்து மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அன்று பொழுதுசாய மழை. அவள் காம்பராவுக்குள்ளே குடையை விரித்துக் கைப்பிள்ளையை அதற்கடியில் கிடத்தினாள். லயமே எட்டிப் பார்க்க வந்தது. ஒருவராவது கூரையை நிமிர்ந்து பார்க்கவேண்டுமே!

“நல்ல குடை. எத்தன தரம் அமத்தின, புள்ள?”

மறுநாள் வேலை விட்டதும் பாறைக்கு ஏற வரிசை நின்றது. பதுளையில் பச்சைக் கோடு திரையைத் தாண்டிவிட, பணிப்பாளர் பெரிய திரைக்கு ஓடர் கொடுத்தார்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் சுபாஜினி. மூத்தவனுக்கும் ஒரு குடை வேண்டுமே.