வியர்க்காத நிபுணர்

உடற்பயிற்சிக்கூடங்களில் ஒரு ஜீவராசி உண்டு. எடை தூக்கும் இடத்தில் எடையைத் தூக்காது. அதன்மேல் சாய்ந்துகொண்டு நிற்கும். தோளில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில், நெற்றியில் ஒரு சொட்டு வியர்வை கிடையாது. நீங்கள் மூச்சிரைக்க ஓடிவிட்டு இறங்கியதும் பக்கத்தில் வந்து, "இப்ப உங்க உடம்புக்குள்ள என்ன நடக்குது தெரியுமா?" என்று கேட்கும். தெரியாது என்றீர்களோ, தொலைந்தீர்கள்.

"கடுமையா பயிற்சி செஞ்சா ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறும் சார். உள்ள போற ஆக்சிஜன்ல கொஞ்சம் அடங்காம திரிஞ்சு செல்லைப் போட்டுப் பிறாண்டும். இரும்பு துருப்பிடிக்கிற மாதிரின்னு வெச்சுக்குங்களேன்" என்று நம் நிபுணர் ஆரம்பித்தால், உங்கள் நாடித்துடிப்பு அடங்கி, வியர்வை காய்ந்து, வந்த காரியமே மறந்துபோகும் வரை விடமாட்டார்.

சரி, கூடத்தோடு போயிற்றா? அவர் வீட்டில் காலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஒருவர்தான் வெளியே போக முடியும். மற்றவர் இரண்டு பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஒரு மணி நேரம் நிபுணருடையது. நாள் முழுக்க வங்கியில் உட்கார்ந்து முதுகு பிடித்துப்போன மனைவி, தனக்கும் ஓட வேண்டும் என்று வாயைத் திறந்தால் பதில் தயாராக இருக்கும்.

"பொம்பளைங்களுக்கு இந்தத் துரு ஏறாம ஹார்மோனே பாதுகாப்பும்மா. ஆம்பளைதான் பாவம், ஓடி ஓடி எதிர்ப்பு சக்தியை வளர்த்துக்கணும்."

மளிகைப் பைகளோடு மூன்று மாடி ஏறுவதற்கும் மனைவியின் ஹார்மோனைத்தான் அனுப்புவார். எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்துக் கல்லூரியில் இதைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆணும் பெண்ணும் நின்ற இடத்திலேயே ஓடும் சைக்கிளை முடிந்த மட்டும் மிதிக்க வேண்டும். முன்னும் பின்னும் ரத்தம் எடுப்பார்கள். மனைவி இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார்.

"நீங்க சொல்றது சரின்னா இனிமே நான் வாயே திறக்கல. இல்லேன்னா காலை நேரம் எனக்கு."

"தாராளமா," என்றார் நிபுணர்.

முடிவு வந்தது. மனைவியின் ரத்தத்தில் அந்த ஸ்ட்ரெஸ் அளவு ஏறியிருந்தது. நிபுணரின் ரத்தத்தில் இம்மியும் மாற்றமில்லை.

"பாத்தியா! மூணு வருஷப் பயிற்சி!" என்று அவர் துள்ளிக் குதித்தார்.

பரிசோதனைக்கூடப் பெண் தயங்கினார். "அப்படி இல்ல சார். மேடம் இருபத்திரண்டு நிமிஷம் மிதிச்சாங்க. நீங்க ரெண்டு நிமிஷம் மிதிச்சிட்டு, மீதி நேரமெல்லாம் எங்களுக்கு விளக்கம் சொல்லிட்டிருந்தீங்க. மூச்சு வாங்கினாத்தானே சார் ஏதாவது ஏறும்? உங்களை நாங்க ஆராய்ச்சியில சேர்க்கவே இல்ல."

மனைவி சிரிக்கக்கூட இல்லை. "நாளைக்குப் பசங்களை ஆறேகாலுக்கு எழுப்பிடுங்க. சின்னவன் சாக்ஸ் போட அழுவான், விட்டுக் கொடுத்துடாதீங்க," என்று மட்டும் சொன்னார். இப்போது மனைவி தினமும் ஓடுகிறார். முதுகுவலி போன இடம் தெரியவில்லை.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். ஆனால் இதைப் படித்ததும் இன்னொருவருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கிறதே, அதை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டு வேலையை யார் செய்துகொண்டிருக்கிறார் என்று எட்டிப் பாருங்கள்.