பசைப் பாப்பா

“கண்ணு, கோட்டை விடும்மா. மிஸ் பாவம் இல்ல?”

விடவில்லை. களப்பயிற்சிக்கு வந்திருந்த டீச்சரின் நீலக் கோட்டு நுனி அந்த நாலு வயதுக்காரியின் பிடிக்குள் போய் மூன்று வாரம் ஆகிறது. மழலையர் பள்ளியில் அவளுக்குப் பசை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு மேற்பார்வை மேடம் வருகிறார். அவருடைய படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘டீச்சரைப் பிரிந்தால் குழந்தை அழுகிறதா?’ ஆம் என்று எழுதிவிட்டால் இன்னும் மூன்று மாதம் பயிற்சி நீளும். டீச்சரின் சொந்த மகளோ வெளியூரில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று அவளோடு போனில் பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டுதான் டீச்சர் வகுப்புக்குள் நுழைவாள். இன்றும் மகள், “நாளைக்கு வந்துடுவியாம்மா?” என்று கேட்டாள். மூன்று மாதம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

மேடம் வருவதற்குள் பசையைப் பிரிக்க, டீச்சர் முதலில் பொம்மையைக் கொடுத்துப் பார்த்தாள்.

“நீங்களே வெச்சுக்கோங்க மிஸ்,” என்று பசை அதை டீச்சர் மடியில் படுக்கவைத்தாள்.

பிஸ்கட்டைக் கொடுத்தாள். பாதி டீச்சர் வாய்க்கே திரும்பி வந்தது.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பசை கோட்டை விட்டுவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு அதுவே தேவலை என்று டீச்சர் கோட்டை மறுபடி போட்டுக்கொண்டாள்.

“எல்லாரும் வாங்க, ரயில் விளையாடலாம்.”

பெட்டியோடு பெட்டியாகப் பசை கழன்றுவிடுவாள் என்று ஒரு நப்பாசை. பதினாலு பெட்டிகளும் இன்ஜினின் கோட்டையே பிடித்துக்கொண்டன. மேசையைச் சுற்றித் திரும்பும்போது தையல் டர்ரென்று விட்டது. அந்த நேரம் பார்த்து மேடம் உள்ளே வந்தார்.

ரயில் சிதறி ஓடியது. பசை மட்டும் மிச்சமிருந்த நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது எத்தனை நாளா?”

“மூணு வாரமா மேடம்.” டீச்சருக்கு மகளைப் பார்க்கவேண்டும் போலிருந்தது, இந்த நிமிஷமே.

மேடம் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தார். “ஏம்மா, மிஸ்ஸை விட்டுட்டு விளையாடப் போனா அழுகை வந்துடுமா?”

“எனக்கு வராது,” என்றாள் பசை. “மிஸ்ஸுக்குத்தான் வரும். தினம் செருப்புக்குப் பின்னாடி நின்னு அழறாங்க. அவங்க பாப்பா வர்ற வரைக்கும் நான் பிடிச்சுக்கறேன்.”